ஐப்பசி விடியலில் மின்னிய கடல்

ஆவணி மாதத்துச் சாயங்காலங்களில் எங்கள் வீட்டு ரேடியோ திடீரென்று ‘கரகர’வென்று பாட்டை விழுங்கினால், மேற்கே கோடம்பாக்கம் பக்கம் மின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பகலெல்லாம் வெயிலில் வெந்த மயிலாப்பூருக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில் மழையோடு வந்து, சாப்பாட்டு வேளைக்குள் ஓய்ந்துவிடும் மின்னல் அது. எழுபதுகளின் தொடக்கத்தில், மொட்டைமாடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு அதற்கு முன்னால் ஓடிவருவதுதான் எனக்கு அந்தப் பருவத்து விளையாட்டு.

மறுநாள் காலையில், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் தனம் அக்காவிடம் அம்மா அந்த இடியைப் பற்றிப் பயந்து சொல்வாள்.

“சாயங்கால மின்னலு இன்னா பண்ணும்க்கா? ஐப்பசில விடிகாலைல கடல் மேல மின்னும் பாரு, அதுக்குத்தான் பயப்படணும். அந்நேரம் எங்க ஊட்டுக்காரரு கட்டுமரத்துல கீறாரு” என்பாள் அவள்.

ஓர் ஐப்பசியில், விடியும் முன்பே விழித்துக்கொண்ட நான், கிழக்கே கடல் பக்கம் சத்தமே இல்லாமல் மின்னிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். அன்று தனம் அக்கா வரவில்லை. அடுத்த நாளும் வராததால், அம்மா என்னை அழைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். அங்கே போன பிறகுதான், தனம் அக்காவின் கணவரைக் கடலிலேயே மின்னல் அடித்துவிட்டது எங்களுக்குத் தெரிந்தது.

“ஒடம்புல ஒரு காயம் இல்லக்கா. தூங்கிக்கினு கீற மாதிரி இருந்தாரு. எழுப்பிப் பாத்தேன்” என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கார்த்திகையில் தனம் அக்கா மறுபடியும் கூடையோடு வந்தாள். தெருமுனையிலேயே கேட்கும் அவளுடைய மீன் விற்கும் கூவல் மட்டும் நின்றுபோயிருந்தது. வாசலில் வந்து கூடையை இறக்கிவைத்து நிற்பாள். அடுத்த ஐப்பசி பிறந்ததும், “மின்னினா நீ இங்க வந்துடு தனம், தனியா இருக்காதே” என்று அம்மா சொல்லிவைத்தாள். அவளும் வந்தாள். மார்கழிப் பனி இறங்கி மின்னல் அடங்கும்வரை, அந்த மாதிரி விடியல்களில் இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் வெட்டும்போதெல்லாம் தனம் அக்கா, “இப்ப எத்தினி பேரு கடலுக்குள்ள கீறாங்களோ” என்று மெதுவாகச் சொல்வாள்.

இன்று இருவருமே இல்லை. கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையில், திருவான்மியூரில் என் அடுக்குமாடி வீட்டில் விழிப்பு வந்து திரையை விலக்கினேன். முன்பு கடல் தெரிந்த இடத்தில் புதிதாக எழும்பிய கட்டடம் நின்றது. மின்னலில் அதன் சுவர் வெளுப்பதும் இருள்வதுமாக இருந்ததைப் பார்த்தபடி, விடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.