காப்புக் கட்டிய கையோடு அரிச்சல்முனைக்கு

எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மேடு என்று ஒன்று கிடையாது. பாம்பன் பாலத்தை விட்டால் மாவட்டம் முழுக்கத் தட்டைதான். மேடு செய்ய வேண்டிய வேலையை இங்கே காற்று செய்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் ஏமாந்தேன்.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். ஒல்லியான டயரும் வளைந்த கைப்பிடியும் உள்ள ரோடு சைக்கிள். இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போய் ஒரு டீ குடித்துவிட்டு அலுவலக நேரத்துக்குத் திரும்பிவிடலாம். தொடையோடு ஒட்டிய கால்சட்டையில் என்னை முதல் தடவை பார்த்த டீக்கடைக்காரர், துணி பத்தவில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். விடுமுறை நாள் என்றால் கீழக்கரை, ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம். வழியெல்லாம் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, கடைசியில் கண்ணைக் கூசவைக்கும் உப்பளம். நிழலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

மூன்றாவது வழி அரிச்சல்முனை. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம், இராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று போய்க் கடலில் முடிகிற சாலை. கடைசிச் சில கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான். இராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து போக மட்டும் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பது என் வெகுநாள் வீம்பு. அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள்தான் சரியில்லை. ஆடி மாதம், கையில் காப்பு.

காப்பு பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் அம்மன் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டுவார்கள். கட்டியவர்களுக்கு மீன், கறி கிடையாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஒருவர் தவறினால் அவர் கூடப் பிறந்தவர்கள் உட்பட அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த வருடம் கரகம் எடுக்க முடியாது. அந்த வருடம் கரகம் என் அண்ணனுக்கு. முறை சுற்றி வருவதற்கு அவர் பல வருடம் காத்திருந்தார்.

எனக்கும் அண்ணனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அய்யா, அதாவது எங்கள் அப்பா, இறந்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். நான் வந்த பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஊருக்கு வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் நெருப்பு பாதி அடங்கியிருந்தது. கூடப் பிறந்தவனுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு வேலையை மாற்றிக்கொண்டு இராமநாதபுரத்துக்கே வந்தும், ஊரில் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் அந்த ஆடியில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இந்த வருசம் கரகம் எனக்கு. நீயும் காப்புக் கட்டணும்," என்றார்.

சரி என்றேன். எட்டு நாளும் மனைவியோடு அய்யாவின் பழைய வீட்டில் வந்து தங்கினேன். நேரத்துக்கு வராத ஆளை நம்பிக் காப்புக் கட்டலாமா என்று ஊர்க் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகவும், அதற்கு, அவனுக்கு நான் பொறுப்பு என்று அண்ணன் சொன்னதாகவும் மனைவி சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன அவ்வளவு மட்டமா என்று கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஐந்தாம் நாள், மனைவி தடுத்தும் கேட்காமல், விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்தேன். மதியத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று அவளிடம் அடித்துச் சொன்னேன்.

போகும்போது சைக்கிள் பறந்தது. பாம்பன் பாலத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. மூன்று வருடப் பயிற்சி வீண்போகவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அரிச்சல்முனையில் பத்துப் பேரிடம் என் பெருமையைச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு, சாவகாசமாகப் பத்தரை மணிக்குச் சைக்கிளைத் திருப்பினேன். திருப்பிய கணத்திலேயே புரிந்துவிட்டது. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று. காலையில் ஓடியது என் கால் இல்லை. அதுதான் என்னை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தக் காற்றில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூர்க்காரன் ஏமாந்தால் மன்னிக்கலாம்.

இராமேஸ்வரம் வருவதற்கே பகல் ஒரு மணி ஆகிவிட்டது. வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்ததால் ஒரு கடையில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன். பாம்பன் பாலத்தில் சைக்கிளோடு சேர்த்து என்னையும் கடலில் தள்ளப் பார்த்தது காற்று. இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்தேன். மண்டபத்துக்கு வந்தபோது மணி ஐந்து. இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு எட்டு கிலோமீட்டர் தாண்டவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோனேன்.

சைக்கிளை ஒரு கடையில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், யாத்திரை முடித்து வந்த கூட்டத்தோடு பிதுங்கி வந்த பேருந்துகள் ஒன்றும் நிற்கவில்லை. மனைவிக்குப் போன் செய்தேன். ஊரிலிருந்து கார் பிடித்து அனுப்பினால் வந்து திரும்ப நேரம் பத்தாது என்றாள். அண்ணன் மூன்று மணியிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கைகாட்டியதும் ஒரு வண்டி நின்றது. மீன் வண்டி. காப்புக் கட்டிக்கொண்டு மீன் வண்டியில் எப்படி ஏறுவது? வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து இன்னொன்று நின்றது. அதுவும் மீன் வண்டிதான்.

ஓட்டிவந்தவர் தொப்பி போட்ட நடுத்தர வயதுக்காரர். நான் வாய் திறப்பதற்கு முன்பே என் கையைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, கையில காப்பு கெடக்கு. இது மீன் வண்டி, பாத்தீகளா?"

பார்த்தேன் என்று சொல்லி, விளக்கு வைப்பதற்குள் ஊரில் இருக்க வேண்டிய விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தையும் மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனையும் பார்த்தார்.

"நோம்பு தொறக்குற நேரத்துக்கு வீடு போய்ச் சேர நான் ஓட்டாத ஓட்டமா? ஏறுங்க," என்றார்.

பின்னால் ஐஸ் பெட்டிகளின் மேல் தார்ப்பாயை விரித்துச் சைக்கிளை அவரே கட்டினார். என்னை எதையும் தொட விடவில்லை. முன் சீட்டில் தன் துண்டை விரித்து, அது துவைத்தது என்று சொல்லி உட்காரச் சொன்னார். வழியில் அதிகம் பேசவில்லை. நான் மனைவிக்குப் போன் செய்து, எந்த வண்டியில் வருகிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் ஊருக்குப் பிரியும் கிளைச்சாலையில் சைக்கிளை இறக்கிக் கொடுத்துவிட்டு, நேரமிருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்றார். நான் மெதுவாகப் போகவில்லை. வடக்கே போகிற அந்த மூன்று கிலோமீட்டரில் காற்று பக்கவாட்டில்தான் அடித்தது. உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

எல்லைக்கல் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். குளித்த ஈர வேட்டியோடு, கையில் குடம். கோயிலில் இருக்க வேண்டிய நேரம் அது. நான் இறங்கி, கல்லுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"மீனத் தொட்டியா?"

"இல்லண்ணே."

குடத்திலிருந்த மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. மீதியைச் சைக்கிள் மேல் ஊற்றினார். கையைப் பிடித்துக் கல்லுக்கு உள்ளே இழுத்தார். அதற்குப் பிறகும் கையை விடவில்லை.

"அய்யாவ எடுத்த அன்னைக்கும் இங்கனதான்டா நின்னேன். பொழுது சாயுற மட்டும் நின்னேன். அதுக்கு மேல ஊருல விடல."

எனக்கு அழுகை வந்தது. ஆறு வருடம் அந்தக் கல்லைக் கடந்துதான் ஊருக்குள் போய் வந்திருக்கிறேன். இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அன்று யாரையும் பேச விடாமல் கத்தியது நான்தான் என்பது ஞாபகம் வந்தது.

அண்ணன் குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை வாங்கிக் கோயில் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார். ஈர வேட்டி காலில் தடுக்கியும் வேகமாகவே நடந்தார். விளக்கு வைக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.