தடிப்புக்கு டாக்டர் எழுதிய பெயர்

புது கிளவுஸ் கொடுத்த வாரத்தில்தான் ஆரம்பித்தது. மாட்டிய கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு சிவந்து, தடித்து, அரிப்பு உயிரை வாங்கும். ஒரகடம் கம்பெனியில் நான் வேலை பார்த்த லைனில் மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. ஆள் வந்து, கிளவுஸைக் கழற்றி, முதலுதவி அறை பெஞ்சில் காத்திருந்து டாக்டரிடம் கையை நீட்டும்போது தடிப்பு இருந்த இடமே தெரியாது. பாழாய்ப்போனது, சாட்சி சொல்ல மட்டும் வராது.

“இன்னாமா, கை நல்லாதானே கீது? லீவு வேணும்னா நேரா கேளு,” என்பார் சூப்பர்வைசர். லைனே சிரிக்கும். பொய்க்காரி என்று பெயர் எடுத்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். ஊரில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் கிளவுஸைக் கையோடு கொண்டுபோய் டாக்டர் முன்னாலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பார்க்கப் பார்க்கத் தடிப்பு கிளம்பியது. ‘அர்டிகேரியா’ என்று சீட்டில் எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

குன்றத்தூரில் என்னோடு அறையில் இருந்தவளும் திருநெல்வேலிப் பக்கம்தான். அதே கம்பெனியில் பேக்கிங். செல்போனில் அந்தச் சொல்லைத் தேடினாள்.

“ஏட்டி, லத்தீன்ல அர்டிகான்னா ஒரு செடியாம். பட்டா தடிச்சு அரிக்குமாம், நம்ம செந்தட்டி மாதிரி. அத வச்சுத்தான் இந்தப் பேரு.”

கேட்டதும் நிம்மதியாக இருந்தது. செந்தட்டி பட்டு வீங்கினால் யாரும் கையைத் திட்டுவதில்லை, செடியைத்தான் திட்டுவார்கள். வியாதியின் பெயரே செடியைக் காட்டிக் கொடுக்கிறது. கிளவுஸை மாற்றித் தருவார்கள் என்று நம்பி மறுநாள் சீட்டை நீட்டினேன்.

சூப்பர்வைசர் படித்தார். “எல்லாரும் இதே கிளவுஸ்தாம்மா போட்டுகினு வேலை செய்றாங்கோ. உன் உடம்புக்குத்தான் ஒத்துக்கல. ரெஸ்ட் எடு, கூப்டறோம்.”

கூப்பிடவில்லை. நான் அலைந்து வாங்கிய அதே சீட்டைக் காட்டித்தான் என்னை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் செந்தட்டி முளைத்தால் செடியை வெட்டுவார்கள். இங்கே செடியை விட்டுவிட்டு என்னை வெட்டினார்கள். வயிறு எரிகிறது.

என் இடத்தில் இப்போது பக்கத்து மண்ணூர்ப் பெண் ஒருத்தி நிற்கிறாளாம். அவளுக்கும் கை தடிக்கிறதாம், அறைத்தோழி சொன்னாள். அவள் யாரிடமும் காட்டுவதில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாளாம்.

கெட்டிக்காரி.