கை ஆடிவிட்டது என்றேன்

அக்ரிலிக் தகட்டை வீட்டில் வைத்து அறுப்பது பெரிய வித்தை இல்லை. பொறுமை இருந்தால் போதும். எனக்கு இல்லாதது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கடையில் வாங்கிவிட்டேன்: கையில் பிடித்து அறுக்கும் வட்ட வாள் மெஷின், நெருக்கமாகப் பல் வைத்த பிளேட், நாலு கிளாம்ப், நீளமான இரும்பு அடிமட்டம். கண்டிக்குப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டோடு ஒரு கராஜ் இருக்கிறது, கார்தான் இல்லை. கந்தோர் வேலை முடிந்து வந்தால், யூடியூபில் யாரோ அறுப்பதைப் பார்த்துவிட்டு அங்கே போய் நானும் அறுப்பேன். இரண்டு பெயர்ப்பலகையும் ஒரு மீன் தொட்டி மூடியும் சரியாக வந்ததில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போயிற்று.

நான் பிறந்தது பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்தில். படித்து, கண்டியில் வேலை கிடைத்து, இறங்கி வந்துவிட்டேன். தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர், என் மச்சான், கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்த தேயிலைச் செடியை ஒரே மட்டத்தில், ஒரே வீச்சில், சாய்வாக வெட்ட வேண்டும். கை கொஞ்சம் பிசகினாலும் கிளை பிளந்துவிடும்; பிளந்த கிளை அழுகும். இருபது வருடமாக அந்தக் கத்தியைப் பிடிக்கிறவரின் கையைத்தான் நான் குறை சொன்னேன்.

தோட்டத்து மாதா கோயில் திருவிழாவில் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தொழிலாளர் லயங்களைச் சுற்றி வருவார்கள். அந்த நேரம் பார்த்து மழை பெய்யும். வருடா வருடம் மாதாவின் முகத்தில் பெயின்ட் உரிந்துகொண்டே வந்தது. கண்ணாடிக் கூடு என்றால் பாரம் என்று கோயில் கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "அக்ரிலிக்ல நானே செஞ்சு தாறேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

அறுக்கும் நாளில் துணைக்கு மச்சான் முதல் பஸ்ஸில் வந்தார். மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை அவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நான் ஆசிரியராகிவிட்டேன். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிக்கக்கூடாது, கீறல் விழும் என்றேன். மெல்லத் தள்ளினால் சூட்டில் உருகி, அறுத்த வழியிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அவசரமாகத் தள்ளினால் ஓரம் பல் பல்லாகப் பெயரும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அசையாம புடிக்கணும் மச்சான்."

"செடி புடிக்கிற மாதிரிதானே? புடிச்சிருவோம்."

பிடித்தார். பக்கத் துண்டுகள் இரண்டும், பின்துண்டும், மேல்துண்டும் கச்சிதமாக வந்தன. கடைசியாக முன்பக்கத் துண்டு. மாதாவின் முகம் தெரிய வேண்டிய துண்டு. தகட்டைத் திருப்பிப் போட்டு அடிமட்டத்தைப் பூட்டும்போது அவருக்கு இன்னொரு பாடம் எடுத்தேன். "பிளேட்டுக்கும் தடிப்பு இருக்கு மச்சான். மூணு மில்லிமீட்டர் தூளாப் போயிரும். அதனால கோடு நம்ம துண்டுல நிக்கணும், பிளேட்டு கழிவுப் பக்கம் ஓடணும்." இதைச் சொல்லிக்கொண்டே அடிமட்டத்தைப் பிழையான பக்கத்தில் பூட்டினேன். பிளேட் எங்கள் துண்டுக்குள்ளேயே ஓடியதைப் பேச்சு ருசியில் கவனிக்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் கோயிலில் வைத்துத்தான் ஒட்டினோம். ஒட்டிய கூட்டை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். தங்கை சாறியின் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். முன்பக்கத்தை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை இடைவெளி. நகத்தை விட்டால் போகும்.

கமிட்டித் தலைவர் குனிந்து பார்த்தார். "என்ன தம்பி, இது சேரலையே?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கை ஆடினால் வெட்டு கோணும். இது கோணவில்லை, நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது; குறைந்திருந்தது. கோணல் என்றால் பிடித்தவர் பிழை. குறை என்றால் அளந்தவன் பிழை. அங்கே நின்றவர்களில் இது தெரிந்தவர்கள் நானும் மச்சானும் மட்டும்தான்.

"அறுக்கிற நேரம் மச்சான் கை கொஞ்சம் ஆடிருச்சு" என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னாள். கூடத்துக்கு வெட்கம் இல்லை. மச்சான் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பசைப் போத்தலின் மூடியைத் தேடி எடுத்து மூடினார். 

"தேயிலச் செடின்னு நெனச்சிட்டாரு போல!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

சுரூபம் தூக்கும் நாலு பேரில் மச்சானும் ஒருவர். பத்து வருடத்துக்கு மேல் வலதுபக்க முன்தோள் அவருடையது. மறுநாள் தூக்கப் போகும்போது யாரோ, "கை ஆடுற ஆளு, பாத்து!" என்றார்கள். பகிடிதான். மச்சான் துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய்விட்டார். இடைவெளியில் நான் ஒட்டிய டேப் மழையில் கழன்று தொங்கியது. நான் முன்னாலேயே நடந்தேன், செய்து கொடுத்தவன் அல்லவா.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொல்லியிருக்கிறேன், சாமி" என்று மற்றப் பாவங்களோடு கலந்து சொன்னேன். யாரைப் பற்றி, என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். மில்லிமீட்டருக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மனம் ஆறவில்லை.

ஒரு வருடம் போயிற்று. மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. கேட்டால் வேலை என்பாள் தங்கை. அடுத்த திருவிழா நெருங்கும்போது கமிட்டித் தலைவர் போன் எடுத்தார். முன்பக்கத்தை மட்டும் புதிதாக அறுத்துத் தர முடியுமா என்று கேட்டவர், "இந்தத் தடவ வேற யாரையாவது துணைக்கு வச்சுக்கங்க தம்பி" என்றார்.

யாரையும் வைக்கவில்லை. தனியாக அறுத்தேன். நீட்டிக்கொண்டிருந்த பக்கத்துக்குக் கதிரை வைத்தேன், மேலே புத்தகம் அடுக்கினேன், கிளாம்ப் போட்டேன். என்ன செய்தும் மெஷினை ஓடவிட்டதும் தகடு கிடுகிடுவென்று அதிர்ந்தது. முதல் தகடு விரிசல் விட்டுப் போயிற்று. இரண்டாவதை அறுத்து முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. அன்றைக்கு மச்சான் பிடித்தபோது இந்த அதிர்வு துளிகூட இருக்கவில்லை. அந்தக் கையைப் போய் ஆடிய கை என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு அந்தத் தூளுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

புதுத் துண்டைப் பெட்சீட்டில் சுற்றிக்கொண்டு பன்வில பஸ் ஏறினேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அன்னைக்கு உங்க கை ஆடல. நான்தான் அடிமட்டத்த பிழையாப் பூட்டினேன்."

அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். நீங்க தடிப்பப் பத்தி சொல்லிக்கிட்டே பூட்டுனீங்க. அப்பவே பாத்தேன். படிச்சவரு, ஏதோ கணக்கு இருக்கும்னு நெனச்சேன்."

"கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொல்றேன் மச்சான். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் சொல்றேன்."

"கோயில்ல சொல்றது இருக்கட்டும்." கத்தியைக் கல்லில் வைத்தார். "மொதல்ல உள்ள போயி உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

தங்கை குசினியில் எனக்காகத் தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் இதை ஏன் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னேன். மச்சான் கை ஆடவில்லை, நான் பொய் சொன்னேன், அவ்வளவுதான். அவள் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அவரு சொன்னாருண்ணே" என்றாள். "என் கை ஆடலடி, உன் அண்ணன் அளவு பிழைன்னு சொன்னாரு. நான் நம்பல. எங்கண்ணன் பொய் சொல்லாது, நீங்க செஞ்ச பிழைக்கு அண்ணனச் சொல்லாதீங்கன்னு சண்டை புடிச்சேன். அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கல."

வெளியே கத்தி தீட்டும் சத்தம் நின்றிருந்தது. ஒரு வருடமாக அந்த வீட்டில் பொய் சொன்னவர் என்று ஆகியிருந்தது மச்சான்தான். தங்கை எனக்கென்று ஊற்றிய கோப்பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வாசலுக்கு, அவரிடம் போனாள்.