எட்டு மீட்டர் குறைவு

அரசாங்க விளையாட்டுப் பள்ளி அது. நாட்டின் வருங்காலப் பதக்கங்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிட்டு, தூங்கி எழுந்தன. அவற்றுக்கு ஓடக் கோடு போட்டுக் கொடுப்பவர் மைதானக்காரர். பத்தொன்பது வருஷமாக வெள்ளைப்பொடி வண்டியைத் தள்ளியதில் புருவம்கூட வெளுத்துப்போய், பிள்ளைகளுக்கு அவர் 'சுண்ணாம்பண்ணன்' ஆகிவிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் பள்ளியைப் பார்வையிட வந்தார். இருபது நிமிஷம் உட்கார்ந்தார். அந்த இருபது நிமிஷத்துக்காக சிமெண்டில் மேடை கட்டினார்கள். எங்கே? ஓடுதளத்தின் வளைவு மேலேயே! அங்கேதான் காற்று நன்றாக வருமாம்.

"சார், வளைவை உள்ளே தள்ளணும். சுத்துக்கு எட்டு மீட்டர் குறையும்," என்றார் சுண்ணாம்பண்ணன்.

"எட்டு மீட்டர்தானே? நீ என்ன உலகத்தையா அளக்கப் போற? தள்ளிப் போடுப்பா," என்றார் ஹெட்மாஸ்டர்.

தள்ளிப் போட்டார். அதிசயம் பாருங்கள், அந்த மாதமே பிள்ளைகள் எல்லாரும் வேகமாகிவிட்டார்கள்! பழைய சாதனைகள் மளமளவென்று உடைந்தன. வராந்தாப் பலகையில் புது நேரங்களை எழுதி எழுதிப் பெயிண்டருக்குக் கை ஓய்ந்தது. பயிற்சியாளர் வேலை காலியாகவே கிடந்ததால் ஸ்டாப் வாட்ச் ஹெட்மாஸ்டர் கையில். சிறந்த பள்ளிக்கான கேடயமும் அவர் கையில். நவீனப் பயிற்சி முறை என்று ஊர் ஊராகக் கூட்டங்களில் போய்ப் பேசினார்.

வெளியூர்ப் போட்டிகளில்தான் வினை. அங்கே ஓடுதளம் நானூறு மீட்டர் இருந்து தொலைத்தது. இங்கே பாய்ந்தவர்கள் அங்கே பிந்தினார்கள். உடனே ஹெட்மாஸ்டர் ஒரு விதி போட்டார்: இங்கே ஓடிய நேரத்தை வெளியூரில் மூன்று முறை ஓடியும் எட்டாதவனுக்கு மனவுறுதி இல்லை, வீட்டுக்கு அனுப்பு. ஏழு பிள்ளைகள் போனார்கள். ஏழு பெட்டியையும் பஸ் ஏற்றிவிட்டது சுண்ணாம்பண்ணன்தான். ஏற்றிவிட்டு வந்து மறுநாள் அதே கோட்டின் மேல் பொடி போட்டார். வெட்கக்கேடு. அது அவருக்கும் தெரியும்.

எட்டாவதாக மாட்டியது ஒரு நானூறு மீட்டர்க்காரி, குச்சி மாதிரிப் பெண். இங்கே ஐம்பத்தேழு நொடி. வெளியே மூன்று தடவையும் ஐம்பத்தெட்டு சொச்சம்.

"அங்கே கடைசியில முடியவே மாட்டேங்குது சார்," என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கத்தினார் ஹெட்மாஸ்டர். "நாளைக்கே பெட்டியைக் கட்டு!"

கூடம் கோணல்தான். கோணலாக்கிய புண்ணியவான் வரிசைக்குப் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் அவள் அவரைத் தேடி வந்தாள். "அண்ணே, நான் நிஜமாவே பயந்தாங்கொள்ளியா?"

அவர் ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்தார். "ஒரு முனையைப் பிடிம்மா."

கோட்டோடு சுற்றினார்கள். டேப் ஏழு தடவை முழுசாக விழுந்தது. எட்டாவது தடவை நாற்பத்திரண்டிலேயே புறப்பட்ட கோடு வந்துவிட்டது. அவள் டேப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஏழு பேரு?"

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஓடுதளம் எட்டு மீட்டர் குறைவு என்று ஒரு மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தார்.

"இது மேல போனா பலகையில இருக்கறது அத்தனையும் பொய்னு ஆயிடுமேய்யா! உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். அந்தப் பொண்ணுக்கு இடமும் வேணும். நகல் வீட்ல இருக்கு."

நகல் என்ற சொல்லுக்கு என்ன சக்தி! பெண்ணை அனுப்பும் உத்தரவு சுக்குநூறாகக் கிழிந்தது. மனு டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சுண்ணாம்பண்ணனை நீச்சல் குளத்துக்கு மாற்றினார்கள். குளத்தில் தண்ணீர் கிடையாது.

ஓடுதளம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முடிவுக் கோட்டுக்கு எட்டு மீட்டர் தள்ளி அவர் ஒரு செங்கல் வைத்திருக்கிறார். அந்தப் பெண் தினமும் செங்கல்வரை ஓடுகிறாள். "பாருங்க, கோட்டைத் தாண்டியும் நிக்க மாட்டேங்கறா, அதான் எங்க பயிற்சி!" என்று வருகிறவர்களிடம் ஹெட்மாஸ்டர் பூரித்துப் போகிறார்.

சுண்ணாம்பண்ணன் காய்ந்த குளத்தின் படியில் உட்கார்ந்து ஏழு கடிதம் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "நீ பயந்தாங்கொள்ளி இல்லை. ஓடுதளம் எட்டு மீட்டர் குறைவு. கோடு போட்டவன் நான்." ஆறு போய்ச் சேர்ந்தன. ஒன்று, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.