செண்பகம் கொடுத்த தாயத்து

போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து மேடைக்கு வரும் நேரம் பார்த்து, இரண்டு பக்கமும் நின்ற பையன்கள் வாளித் தண்ணீரில் எதையோ தட்ட, முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகை எழுந்தது. கூட்டம் கைதட்டியது. "மேகத்துல நடந்து வாரமாதிரி இருக்குல்லா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கல்யாண வீட்டில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அது டிரை ஐஸ், கரியமில வாயுவை உறையவைத்துச் செய்கிற கட்டி. ஒரு காலத்தில் அதில் நாலு கட்டிக்காக நான் நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறேன். இன்றைக்கு அதை மாப்பிள்ளையின் செருப்புக்கடியில் கொட்டுகிறார்கள்.

அப்போது எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி. கேட்கும்போது பெரிதாக இருக்கும். உண்மையில் என் வேலையில் முக்கால்வாசி பஸ்ஸில் போவதுதான். ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துத் தெர்மாக்கோல் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவேன். அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளைகள் 'ஐஸ் அக்கா, ஐஸ் அக்கா' என்று பின்னாலேயே வரும். உள்ளே இருப்பது சேமியா ஐஸ் இல்லை என்று சொன்னால் ஒரு பிள்ளையும் நம்பாது. வேலைக்குச் சேரும் முன் கண்ணாடி போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நோய்களை ஒழிப்பதாகக் கனவு கண்டவள் நான். கோட்டு தந்தார்கள். அதில் பாதி நாள் புளியோதரை எண்ணெய்தான் இருந்தது.

டிரை ஐஸ் அன்றைக்குத் திருநெல்வேலியில் கிடைக்காது. தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்கிற ஓர் அண்ணாச்சியிடம் கெஞ்சி வாங்கி வர வேண்டும். மூடியை இறுக்கி மூடக் கூடாது, மூடினால் வெடித்துவிடும் என்பதால் பெட்டி வழியெல்லாம் புகைந்துகொண்டே வரும். ஒருநாள் வாகைக்குளம் பக்கம் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். "எம்மா, பெட்டியோட இறங்கிரு. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு" என்றார். ஐஸ்தான் என்று விளக்கி, ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டி, பஸ் முழுக்க வேடிக்கை பார்த்து முடித்த பிறகுதான் வண்டி கிளம்பியது. இவ்வளவும் எதற்கு? ஜனங்கள் நம்பிக் கொடுத்தது கெட்டுப்போகக் கூடாதே என்று. எங்கள் டைரக்டர் மேடைக்கு மேடை சொல்வார், "இந்த மக்கள் நமக்குத் தருவது ரத்தமில்லை, நம்பிக்கை" என்று. சொல்லும்போது நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். அப்போது எனக்குப் புல்லரிக்கும். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

செண்பகம் வந்தது அந்த நாட்களில்தான். திசையன்விளைக்குப் பக்கத்து ஊர். என் வயதுதான் இருக்கும். புருஷன் ஆறுமுகம், முருங்கைக்காய் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். சொந்த அத்தை மகன். இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து, இரண்டும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. மூன்றாவது இப்போது வயிற்றில். குழந்தை டாக்டர் ஒருவர் எங்களிடம் அனுப்பியிருந்தார். என்னை முதலில் டாக்டரம்மா என்றாள். நான் டாக்டர் இல்லை என்றதும் ஆசுவாசமானவள் மாதிரி, அதற்குப் பிறகு எக்காதான்.

"மூத்தவனுக்குக் கொடி விழவே இல்லக்கா. கொடியோடதான் போனான். இளையவனுக்கு நாப்பது கழிஞ்சுதான் விழுந்துச்சு. தொப்புளச் சுத்திச் செக்கச்செவேல்னு புண்ணு. ஆனா ஒரு பொட்டுச் சீழ் கெடையாது" என்றாள். அழவில்லை. பலரிடம் பலமுறை சொன்ன குரல்.

அந்த நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எங்காவது கிருமி புகுந்தால் அந்த இடத்தில் ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்து நின்று, சந்து வழியாக வெளியேறிச் சண்டை போட வேண்டும். சண்டையில் செத்தவைதான் சீழ். அப்படிப் பிடித்து நிற்பதற்கு அணுவின் மேல் ஒரு புரதம் வேண்டும். அது இல்லாத குழந்தைக்கு வெள்ளையணு ஏராளமாக இருக்கும், ஒன்றும் இறங்காது. ஸ்டாப்பில் நிற்காத பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி. தொப்புள்கொடி காய்ந்து விழுவதற்கும் அதே அணுக்கள் வேலை செய்ய வேண்டும் என்பதால் கொடியும் விழாது. தாயிடம் ஒரு பழுது, தகப்பனிடம் ஒரு பழுது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டினால் சேர வாய்ப்பு அதிகம்.

செண்பகத்தின் ரத்தத்தையும் ஆறுமுகத்தின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தோம். அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவில் சில மாற்றங்கள் இரண்டு பேரிடமும் இருந்தன. அதில் எது கொன்றது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது என்று தெரியவில்லை. செத்துப்போன பிள்ளைதான் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் வயிற்றில் இருப்பதைச் சோதிக்க முடியும். நாளோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளின் ரத்தம் ஒரு சொட்டுகூட யாரும் வைத்திருக்கவில்லை. டைரக்டர் கையை விரித்துவிட்டார்.

எழுந்து போனவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். சேலைக்குள் கையைவிட்டுக் கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றை வெளியே எடுத்தாள். அதில் ஒரு வெள்ளித் தாயத்து. "இளையவன் அரையில கட்டிக் கெடந்தது. இதுல அவன் கொடி இருக்கு. ஆவுமாக்கா?"

நான் டைரக்டரைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாதிய எடுத்துக்கிடுங்க. பாதிய எனக்குத் தந்துரணும். அவன போட்டோகூட எடுக்கல. இது மட்டுந்தான் இருக்கு" என்றாள் செண்பகம்.

"கண்டிப்பாம்மா. இது உங்க பொருள். எங்க கையில சும்மா கொஞ்ச நாள் இருக்கும்" என்றார் டைரக்டர். நெஞ்சில் கைவைத்துத்தான் சொன்னார்.

தாயத்தைத் திறந்தவள் நான். அரக்கைச் சுரண்டி எடுத்துக் கவிழ்த்தால், பழுப்பாக, சுருங்கி, இரண்டு துண்டுகள் விழுந்தன. பெரிதாக இருந்ததிலிருந்து ஒரு நுனியை வெட்டி அரைத்தேன். இரண்டு நாள் மருந்தில் ஊறவைத்துச் சுழற்றிப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. என்ன கோளாறு என்று குழாயை முகர்ந்து பார்த்தேன். வீட்டு வாசனை. கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரைத்துப் போடுவோமே, அந்த வாசனை. கொடியோடு கூட வசம்புத் துண்டு ஒன்றையும் தாயத்தில் போட்டு அடைத்திருக்கிறார்கள். நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி வசம்பிலிருந்து மனித டி.என்.ஏ. எடுக்கப் பார்த்திருக்கிறேன். கூடமே ஒரு வாரம் பிள்ளை பெற்ற வீடு மாதிரி மணந்தது. நல்ல வேளை, சின்னத் துண்டுதான் கொடி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் பாதியை வெட்டி அரைத்தேன்.

வந்தது. அவ்வளவு காய்ந்த துணுக்கிலிருந்து தெளிவாக வந்தது. இத்தனை கோபத்திலும் அந்த நாளை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அது அம்மாவிடம் ஒரு பிரதி, அப்பாவிடம் ஒரு பிரதி, பிள்ளையிடம் இரண்டு.

அதைச் சொன்னபோது செண்பகம் எங்களைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "உங்ககிட்ட பாதி, எங்கிட்ட பாதியாம். இனும என்னயப் பிள்ளமுழுங்கின்னு ஏச வேண்டாம்னு அத்தைட்ட சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றார் ஆறுமுகம், தரையைப் பார்த்துக்கொண்டு.

மதுரை ஆஸ்பத்திரியில் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். சோதித்தோம். ஒரு பிரதிதான் இருந்தது, நோய் இல்லை. பெண்பிள்ளை பிறந்தது. கொடி ஒரு வாரத்திலேயே விழுந்துவிட்டது என்று ஆறுமுகம் போன் பண்ணிச் சொன்னார், லாட்டரி விழுந்தவர் குரலில். விஞ்ஞானம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் அந்த போனைத்தான் சொல்வேன்.

ஆக, விஞ்ஞானத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மீதிப் பாதியைத் திருப்பிக் கொடுக்க வக்கில்லாதவர்கள் மேல்தான் கோபம். அது கையில் வைத்தால் கனம்கூடத் தெரியாத பொருள். நான் கேட்டபோது, "அவசரம் என்னம்மா, பேப்பர் வரட்டும்" என்றார் டைரக்டர். பேப்பர், அதாவது எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை, வந்தது. அதில் செண்பகத்தின் தாயத்து 'சேமிப்பிலிருந்து பெறப்பட்ட திசு' ஆகியிருந்தது. யாருடைய சேமிப்பு? மறுபடி கேட்டேன். வெளிநாட்டில் ஒருத்தர் அந்தத் துண்டில் ஆர்வமாக இருக்கிறார் என்றார். அதற்கு மேல் கேட்டால் கமிட்டி கூட வேண்டும், மாதிரிகள் எல்லாம் நிறுவனத்தின் சொத்து என்றார். மீதிப் பாதி இருந்த ஃப்ரீசருக்குப் பூட்டுப் போட்டுச் சாவியையும் தன் மேசையில் வைத்துக்கொண்டார். என்னைத் தெரியும் அவருக்கு.

செண்பகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வெராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். சண்டை போட மாட்டாள். "பைய தாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். காலித் தாயத்து கழுத்தில் கிடக்கும். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். டைரக்டர் சிரித்தார். "காய்ஞ்ச துண்டுதானம்மா. ஒரு வசம்பத் தாயத்துல போட்டுக் குடுத்துருங்களேன். அந்தம்மாவுக்குத் தெரியவா போவுது? உங்களுக்கே தெரியலையே" என்றார்.

மேசையில் கனமாக ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. அதை எடுத்து எறியாமல் வெளியே வந்தது என் வளர்ப்பு. ஆனால் வாயை அடக்கவில்லை. 'நீரெல்லாம் மனுசந்தானா வே' என்று முழுத் திருநெல்வேலிப் பேச்சில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதற்கப்புறம் காலேஜில் வாத்தியார் வேலை, கல்யாணம், எல்லாருக்கும் நடப்பதெல்லாம் நடந்தது.

செண்பகம் என்னைத் தேடி வந்தது பல வருஷம் கழித்து. மகள் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று அல்வா கொண்டுவந்திருந்தாள். திரும்பும்போதுதான் கேட்டாள். "எக்கா, அந்தப் பாதிய இப்பம் கேட்டா தருவாவளா? எனக்கும் வயசாவுது. எனக்குப் பொறவு அது யாருக்கு என்னன்னு தெரியும்? ஊர்ல அவனப் பொதைச்ச எடத்துலயே வச்சிரலாம்னு பாக்கேன்."

அன்றைக்கே இரண்டு பேரும் போனோம். டைரக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில் ஒரு சின்ன வயதுக்காரர். மரியாதையாக உட்காரச் சொன்னார். ஃப்ரீசர் இருந்த அறை கருத்தரங்கு அறை ஆகியிருந்தது, சிவப்பு நாற்காலிகளோடு.

"பழைய சாம்பிள் எல்லாம் க்ளியர் பண்ணிட்டோம் மேடம். விதிப்படி முறையா அப்புறப்படுத்தியாச்சு" என்றார்.

செண்பகம்தான் கேட்டாள்.

"எங்கன கொட்டுனிய?"

"கொட்டலைம்மா. மஞ்சள் பையில போட்டு வண்டியில அனுப்பிருவோம். அவங்க எரிச்சிருவாங்க."

"எங்கன வச்சு எரிப்பாவ?"

"அது காண்ட்ராக்ட் எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்."

செண்பகம், ஊர்வழக்கம் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

"சின்னப் பிள்ளய எரிக்க மாட்டோமே சார். பொதைக்கத்தான செய்வோம்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை. ஒரு ஸ்கேன் சென்டருக்கு வண்டி நிறுத்துகிற இடமாகிவிட்டது. தூத்துக்குடி இறால் அண்ணாச்சி போய்விட்டார். டைரக்டர் மட்டும் இன்னும் எங்கெங்கோ மேடையேறுகிறார் என்று கேள்வி. அந்தப் பேப்பர் இருக்கிறது. போன மாதம்கூடத் தேடிப் பார்த்தேன், ஒரு தட்டுத் தட்டினால் வருகிறது. இளையவனுக்கு எந்த எழுத்து மாறியிருந்தது என்று உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் பார்த்துக்கொள்ளலாம். அவனை எங்கே வைத்து எரித்தார்கள் என்று அவன் அம்மாவுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.