சுகிர்தா எழுதாத வரி

திருவள்ளூர் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கும் டாக்டர் சுகிர்தாவைப் பற்றி அவள் தெருவில் கெட்டதாக ஒரு பேச்சு கிடையாது. போன தை மாதம் வரை கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தெரு. அப்பா இம்மானுவேல் இரும்பு ரோலிங் மில் இரைச்சலில் வேலை பார்த்து, ரிட்டையர் ஆவதற்கு வெகு முன்பே காது மந்தமாகிப் போனவர். தெருவில் பாதி ஆண்களுக்கு அதே கதைதான். மகள் மெடிக்கல் சீட் வாங்கி, சமூக மருத்துவம் படித்து முடித்ததும் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியும் அதுவே. லீவு நாட்களில் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, சர்ச் ஹாலில் உட்கார்ந்து, மில் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காது டெஸ்ட் எடுத்தாள். அந்த உழைப்பில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது எழுதும்போது நடந்தது. கல்லூரியில் பதவி உயர்வுக்குப் பேப்பர் வேண்டும். ஆய்வுக் கட்டுரையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். துறைத் தலைவர் டாக்டர் மோகன்ராஜுக்கும் வேண்டும் என்பதால், யார் எழுதினாலும் முதல் பெயர் அவருடையது. படித்தெல்லாம் பார்க்க மாட்டார், சீக்கிரம் அனுப்பு என்று மட்டும் விரட்டுவார். சுகிர்தாவுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆங்கிலத்தோடுதான் மல்லுக்கட்டு. காது ஏன் போகிறது என்று விளக்க வேண்டிய கடைசிப் பகுதியில் கை நின்றுவிட்டது. எங்கோ ஒரு வெளிநாட்டு இரும்பாலையைப் பற்றிய கட்டுரை கிடைத்தது. அதிலிருந்து இரண்டு பத்தியை அப்படியே இறக்கினாள். காப்பியைப் பிடிக்கும் சாஃப்ட்வேரில் மாட்டாதபடி இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் மாற்றினாள். துறையில் எல்லோரும் செய்கிற வேலைதான். சொல்லை மாற்றுகிற மும்முரத்தில், அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கவே இல்லை. படித்தவள் செய்கிற காரியமா இது?

பேப்பர் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தார். இம்மானுவேலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததை வைத்தே புரிந்துகொண்டு சிரித்தார்.

பக்கத்து வீட்டு எபினேசர் இன்னும் மில்லில் இருப்பவர். அவரும் சிலரும் பேப்பரைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார்கள். காதுக்கு அடைப்பான் கொடுங்கள், வருஷா வருஷம் டெஸ்ட் எடுங்கள், டாக்டரே எழுதியிருக்கிறார் என்று கேட்டார்கள். மேனேஜர் பொறுமையாகப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்து வரி ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினார். நிர்வாகம் காதடைப்பான் வழங்கியும் தொழிலாளர்கள் அலட்சியத்தால் அணிவதில்லை என்று இருந்தது அதில்.

அந்த மில்லில் யாருக்கும் காதடைப்பான் கொடுத்ததே இல்லை. பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்துக் காதில் திணித்துக்கொண்டுதான் இம்மானுவேல் காலம் தள்ளினார்.

அன்று சாயங்காலம் சுகிர்தா கல்லூரியிலிருந்து வந்ததும், எபினேசர் அவள் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"இன்னா பாப்பா, குடுத்தும் நாங்க போட்டுக்கலன்னு எழுதிக்கிறியாமே. நமக்கு எப்பம்மா குடுத்தாங்க?"

சுகிர்தா அந்த வரியைப் படித்தாள். யாரோ எவரையோ பற்றிச் சொன்னதை எடுத்து, பெற்ற அப்பாவையே அலட்சியக்காரர் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று முனகினாள். விசாரிக்க என்ன இருக்கிறது? எடுத்தவளுக்குத் தெரியாதா?

மறுநாள் மோகன்ராஜிடம் போய், இதழுக்கு எழுதித் திருத்தச் சொல்லலாமா என்று கேட்டாள். எழுதினால் தோண்டுவார்கள், பேப்பரே போய்விடும், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். வெளியே தெரிந்தால் அந்தப் பகுதிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார். பெருமைக்கு முதல் பெயர், வம்பு என்றால் பெயரே இல்லை. மனுஷனை வாய் நிறையத் திட்டலாம்தான். ஆனால் காப்பியடித்தது அவர் இல்லையே. அதனால் அவளுக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இதழுக்கு எழுதிவிட்டாள், இரண்டு பத்தி என்னுடையதில்லை என்று. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"சத்தமா சொல்லும்மா."

"அந்த வரி நான் எழுதல நைனா. வேற யாரோ எழுதுனத காப்பி அட்ச்சிட்டேன்."

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எபினேசர் வீட்டில் டிவியை அணைத்தார்கள். வெளியே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

இம்மானுவேல் திட்டவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எங்களுக்குக் காது போச்சுன்னு எழுதுனியே, அதுனாச்சும் நீ எழுதுனதா?"

"அது நெஜம் நைனா. அது நான் டெஸ்ட் பண்ணி எழுதுனது."

"அப்ப அது நிக்கும் இல்ல?"

திருட்டு கலந்த கட்டுரையை இதழ் முழுசாகத்தான் திரும்பப் பெறும். அவர்கள் காது போன கணக்கும் அதோடு போய்விடும் என்பதை அவள் இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி, கத்திச் சொன்னாள்.