வூயானி சார் பெருக்கித் தள்ளிய அதிர்ஷ்டம்

வூயானி சார் தும்மினால் மேகாங் ஆற்றில் படகுகள் திசை மாறிவிடும். வியட்நாமின் சா டெக் ஊர் வாத்துகள் அன்றைக்கு மட்டும் இரட்டைக் கரு முட்டை இடும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் பானையில் வெந்த அரிசி பயத்தில் மறுபடி நெல்லாகிவிடும். ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். இதையெல்லாம் கிளப்பிவிட்டவள் லுவா என்பது வேறு விஷயம்.

லுவாவுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டுவிட்டு அம்மாவின் நூடுல்ஸ் கடையில் கரண்டி பிடிக்கிறாள். கடைக்கு நேரெதிரே தோவா அத்தையின் இங்கிலீஷ் டியூஷன். சாயங்காலமானால் அங்கே கடைசி பெஞ்சு அவளுக்கு. அங்கே பாடம் நடத்தும் வூயானி சாரின் நாற்காலியில் பலாப்பிசின் தடவியது அவள்தான். சந்தையில் 'நன்றி' சொல்வதற்கென்று 'என் எருமையைக் காணோம்' என்ற வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். பாவம், மனிதர் ஒரு மாதம் முழுக்கக் காய் வாங்கும் இடத்திலெல்லாம் எருமையைத் தேடினார். உண்மை தெரிந்த அன்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பிசின் தடவுவதில் லுவாவுக்கு ருசியே இல்லாமல் போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவில் கோமானி என்ற ஊர் அவருக்கு. மனைவி இல்லை, மகள் நர்ஸுக்குப் படிக்கிறாள். ஆள் மலை மாதிரி, பைக்கோ எலி மாதிரி. பின்னாலிருந்து பார்த்தால் உட்கார்ந்தபடியே ஓடுகிறார் என்றுதான் தோன்றும். தெத் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவார். இந்த வருஷம் தொடங்குவதற்கு முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்.

காரணம் தெருவுக்கே தெரியும். சந்தை முனையில் புதிதாக ஒரு டியூஷன் வந்திருந்தது. அங்கே பாடம் எடுக்கத் தங்க நிறத் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரப் பையன். முடியைப் பார்த்தே பாதிப் பிள்ளைகளை அம்மாக்கள் அங்கே மாற்றிவிட்டார்கள். லீவுக்குக் கிளம்பிய அன்று தோவா அத்தை சாரின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, புது வருஷம் எப்படி ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டு உங்க வேலை விஷயத்தைச் சொல்றேன்" என்றிருந்தாள்.

அந்த 'எப்படி ஆரம்பிக்குது' என்பதில்தான் எல்லாம் இருந்தது. வருஷக் கடைசியில் பூட்டிய கதவை அத்தை பஞ்சாங்கம் பார்த்துத்தான் திறப்பாள். வாசலை முதலில் மிதிப்பவரின் ராசிதான் வருஷம் முழுக்க அந்த இடத்துக்கு. அரிசி மில்லுக்காரர் லோக் மாமாவை அதற்காகவே சொல்லி வைத்திருந்தாள். பெயரிலேயே அதிர்ஷ்டம், ஏழு பிள்ளைகள், முன்னால் ஒரு தொப்பை. உள்ளே தொட்டியிலிருந்த மஞ்சள் பூமரம் இத்தனை நாளில் தரையெல்லாம் இதழ் உதிர்த்திருக்கும். அது பூ இல்லை, பொன். லோக் மாமா வரும்வரை துடைப்பத்தைத் தொட்டால் பொன்னை வாரித் தெருவில் கொட்டிய மாதிரி.

திறப்பு நாள் காலையில் லுவா அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்தாள். எதிர்க்கதவு திறந்து கிடந்தது. வாசலில் ஒரு பெரிய கறுப்புப் பை. பக்கத்தில் துடைப்பத்தோடு வூயானி சார்.

"லுவா! வந்து பாரு, ஒரு தூசி கிடையாது!" என்று தெருவைத் தாண்டி வந்தார். "எங்க ஊர்ல, வெளிய போயிட்டு வந்தவன் வேலையத் தொடங்குறதுக்கு முன்னாடி முற்றத்தைப் பெருக்கணும்னு எங்கம்மா சொல்லுவாங்க. அதான் மரியாதை. தோவா தங்கச்சிகிட்ட சொல்லிடாத. அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்."

"ஆச்சரியமாத்தான் சார் இருக்கும்."

அவர் பிறந்தது புலி வருஷம். அத்தை குரங்கு வருஷம். ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது. புலி முதலில் நுழைந்ததுமில்லாமல் பொன்னையும் பெருக்கித் தள்ளிவிட்டு, தங்கச்சி மகிழ்வாள் என்று நிற்கிறது.

லுவாவின் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வேடிக்கை வாய்த்ததே இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம். அத்தை பஞ்சாங்கத்தில் குறித்த எட்டு மணி வரை சும்மா இருந்தால் போதும்.

சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு இதழ் கைக்குட்டையோடு வந்தது. சட்டை புதிது, பெட்டி மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. நரைத்த தலைக்குக் கன்னங்கரேலென்று சாயம் பூசியிருந்தார்.

"கொஞ்சம் வயசு கொறஞ்ச மாதிரி இருக்கா?" என்றார் மெதுவாக.

லுவா ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க சார். அம்மா, சாருக்குப் பெரிய கிண்ணம். எலும்பு நெறையா."

"அடுப்பே இன்னும் பத்தலடி."

"அப்போ மெதுவாவே பத்த வை."

சார் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததும், அவர் மேசைமேல் வைத்த டியூஷன் சாவியை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். பையைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, குப்பைக் குவியல் மாதிரி கிடக்கும். நாற்காலிமேல் ஏறி நின்று மரத்தைச் சுற்றி இதழ்களைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினாள், காற்றே உதிர்த்த மாதிரி. இடையில் வந்த பென்சில் சீவலை எல்லாம் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முதலில் நுழைந்தது புலி, அடுத்தது போக்கிரி, மூன்றாவதாவது லோக் மாமாவாக இருக்கட்டும் என்று முணுமுணுத்தபடி கதவைப் பூட்டினாள். பை, நூடுல்ஸ் அடுப்புக்குள் போனது.

சரியாக அந்த நேரம்தான் தோவா அத்தை சிவப்புப் பட்டு அங்கியில் தெருமுனை திரும்பினாள். அவளுக்கு முன்னால் லோக் மாமாவின் தொப்பை, தொப்பைக்குப் பின்னால் லோக் மாமா.

சார் எழுந்தார். முகம் முழுக்கப் பல். "தோவா தங்கச்சி! நான் காலையிலயே வந்து—"

"புது வருஷம் சார்! மொதல்ல வாய் இனிக்கணும்!" லுவா இரண்டு தேங்காய் மிட்டாயை ஒன்றாக உரித்து அவர் வாயில் திணித்தாள். அந்த மிட்டாய் பல்லில் ஒட்டினால் ஒட்டியதுதான். சாரின் தாடை மேலும் கீழும் போராடியது, வார்த்தை வரவில்லை.

அத்தை பூட்டைத் திறக்க, லோக் மாமா கதவைத் தள்ளி வலது காலை எடுத்து வைத்தார். "அடேயப்பா! இந்த வருஷம் பெஞ்சு பத்தாதும்மா, ஆர்டர் குடுத்துடு!"

அத்தை தரையைப் பார்த்தாள். மஞ்சள். சுவரோரம் வரை மஞ்சள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணே, நீங்க லீவு முடியறதுக்குள்ளயே வந்துட்டீங்களே. யாரு வந்தா அப்படி? வந்த வெள்ளைக்காரங்க எல்லாம் லீவுன்னு போனா போனதுதான்." சற்று நின்றாள். "காலை வகுப்பையும் நீங்களே எடுங்க. இந்த வருஷம் மட்டும் இல்ல. ஆமா, தலைக்கு என்ன பண்ணீங்க? கரிச்சட்டி மாதிரி இருக்கு!"

சாரின் கண்கள் அவளைத் தாண்டித் தரைக்குப் போயின. மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

அத்தையும் மாமாவும் சாமி மாடத்தில் ஊதுவத்தி ஏற்றப் போனதும் அவர் நிதானமாகத் தெருவைத் தாண்டி வந்தார். லுவா கொதிக்காத குழம்பை மும்முரமாகக் கிண்டினாள்.

"லுவா."

"சார், கூட்டம் வர்ற நேரம்."

"யாரையும் காணோமே." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முக்காலி முனகியது. "மூணு வருஷமா உன்னைப் பாக்குறேன். நான் தும்முனா கேலி, நடந்தா கேலி. இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணுகூட இல்ல. எலும்பு போடுற. மிட்டாய் ஊட்டுற." குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவு பெரிய தப்பாம்மா பண்ணேன்?"

லுவா கரண்டியைக் குழம்பிலேயே விட்டாள். அடுப்புப் புகைதான் என்று கண்ணைத் துடைத்தாள்.

அடுப்பு இன்னும் பற்றியிருக்கவே இல்லை. சார் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.